எலியாவுக்கு முதலில் கிடைத்தது சாப்பாடு

ஜொகூரின் கெலாங் பாத்தாவிலிருந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே துவாஸ் பாலத்தைத் தாண்டுகிறார்கள். 1998இல் அந்தப் பாலம் திறந்ததிலிருந்து பல வீடுகளுக்கு அதுதான் பிழைப்பின் வழி. இரவு வீடு திரும்பும்போது உடம்பு ஓய்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் “நான் எதற்கும் லாயக்கில்லை”, “ஆண்டவரே என்னைக் கைவிட்டுவிட்டார்” என்று மனம் அடுக்கத் தொடங்கும். இப்படித் தன்னைத்தானே திட்டிக்கொள்வதைத் தாழ்மை என்று நம்புகிறவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்து, மனமுடைந்த தீர்க்கதரிசி எலியாவை ஆண்டவர் தேற்றிய வரிசையிலேயே செய்து பாருங்கள்.

முதலில் உடம்பு. அரசி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடிய எலியா, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டார். கண்டிப்பு வரவில்லை, சுட்ட அடையும் தண்ணீரும் வந்தன. தூங்கினார், மறுபடியும் சாப்பாடு வந்தது. ஆகவே வேலை முடிந்து வந்த இரவில் உங்களைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, “இன்றைக்குத் தெம்பில்லை ஆண்டவரே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுங்கள். ஜெபத்துக்கு அது போதும்.

அடுத்தது, ஓய்வுநாளில் ஒரு நோட்டுப் புத்தகம். என்ன நடந்தது, மனம் என்ன சொன்னது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். சூப்பர்வைசர் திட்டினார் என்பது நடந்தது. லாயக்கில்லை என்பது மனம் சொன்னது. அழகுபடுத்தாமல் எழுதுங்கள். எலியா ஓரேப் மலையில் ஒரே புலம்பலை இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் ஆண்டவர் முழுக்கக் கேட்டார்.

இனிதான் முக்கியமான வேலை. தான் ஒருவனே மிச்சம் என்றார் எலியா. பாகால் என்ற அந்நிய தெய்வத்தை வணங்காத 7,000 பேர் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அது புகழ்ச்சியோ ஆறுதல் வார்த்தையோ இல்லை, உள்ள கணக்கு. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வளர்த்த சிகிச்சையிலும், எண்ணத்தை உண்மையோடு ஒத்துப்பார்ப்பதுதான் மையம். “நான் சாதனையாளன்” என்று எழுதினால் மனம் நம்பாது. “ஒரு பெட்டியைத் தவறாக அடுக்கினேன், மற்றவை சரியாகப் போய்ச் சேர்ந்தன” என்று எழுதினால் மறுக்க முடியாது.

பிறகு அதையே உங்கள் பெயர் சொல்லி, தம்பிக்கோ தங்கைக்கோ பேசுகிற குரலில் உங்களுக்கே சொல்லுங்கள். உன்னைப்போல் பிறனையும் நேசிக்கச் சொன்ன கட்டளையில் நீங்களும் இருக்கிறீர்கள். உண்மையிலேயே தப்பு செய்திருந்தால் அறிக்கையிடுங்கள், சம்பந்தப்பட்டவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், நஷ்டத்தை ஈடு செய்யுங்கள். அத்தோடு வழக்கை மூடுங்கள். மன்னிக்கப்பட்டதை இரவுதோறும் மறுபடி விசாரிப்பது மனந்திரும்புதல் ஆகாது.

கடைசியாக ஓர் ஆள். எலியாவுக்குத் துணையாக எலிசா கிடைத்தார். பாஸ்டர், ஃபாதர், சபையில் ஓர் அக்கா, யாரோ ஒருவரிடம் நோட்டைக் காட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லையென்றால், ஜெபத்தை விடாமலே டாக்டரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. சாவு எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். மனத்துயரில் இருப்பவர்களுக்கு உதவும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 999. போலீஸ் வழக்கு வருமோ என்று பயப்பட வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை மலேசியா 2023இல் நீக்கிவிட்டது.