பதிகருவியின் தட்டு மாற்றுதல்

அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த டீவோ என்னும் பதிகருவி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நாடாவிலன்றி வன்தட்டிற் பதிந்தது. அதன் தொடக்க வகையொன்று 14 மணி நேரமே கொண்டது. ஆதலின் உடையோர் பலர் பெரிய தட்டை இட விழைந்தனர்.

ஈண்டு அறியற்பாலது ஒன்றுண்டு. கருவியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளும் அத்தட்டிலேயே உறைவது. வெறுந்தட்டை இட்டாற் கருவி இயங்காது.

எனவே, முதற்கண் மின்னிணைப்பை நீக்குக. மின்வழங்கிப் பலகையைத் தொடற்க; இணைப்பு நீங்கிய பின்னும் அதன்கண் மின்னேற்றம் எஞ்சும். பழைய தட்டைக் கழற்றிக் கணினியிற் பொருத்தி, உள்ளடக்கம் முழுவதையும் புதியதிற் படிசெய்க. கூடிய இடத்தையும் கருவி கொள்ளுமாறு தட்டை ஒழுங்குசெய்க. அதன் பின்னரே புதியதை இடுக.

பழைய தட்டை அழியாது பேணுக. பிழை நேரின் கருவிக்கு உயிர் தருவது அதுவே.