பச்சை விளக்கு சிமிட்டும் பெட்டி

ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வரும் தம்பி இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறார். ஜன்னல் ஓரமாக ஓட்டை போட்டு வயரை இழுக்கிறார். டிவிக்குப் பின்னால் ஆணியடித்துப் பெட்டியை மாட்டுகிறார். "உங்க போன் நம்பரையே பாஸ்வேர்டா வெச்சிருக்கேன் சார், மறக்காது" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அதோடு சரி, நெட் போகும் நாள் வரை அந்தப் பெட்டிப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வாசல் கதவுக்கு எத்தனை சாவி, எது யாரிடம் என்று விரல்விட்டுச் சொல்லும் வீட்டிலும் இதே கதைதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு எங்கள் வீட்டுப் பெட்டியைக் குடைந்தேன். அதில் கிடைத்தவை இவை.

1. நெட் வேறு, வைஃபை வேறு. தெருவிலிருந்து மெல்லிய கண்ணாடி இழை வழியாக ஒளியாக வருவது நெட். அதை வாங்கி ரேடியோ அலையாக மாற்றி வீட்டுக்குள் பரப்புவது வைஃபை. போனில் தெரியும் விசிறி போன்ற குறி, போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டுமே காட்டுகிறது. குறி முழுதாக இருந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வெளியே. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். எங்கோ வயர் அறுந்திருக்கிறது அல்லது பெட்டிக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கிறது. பத்து முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் அது சரியாகாது, புகார் கொடுங்கள். சிவப்பு இல்லை என்றால் மட்டும் ஒரு நிமிடம் அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

2. இடம்தான் பாதி வேகம். டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள், பீரோ மேல் என்று கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைக்கிறோம். இரும்பு பீரோ அலையைத் தடுத்துத் திருப்பி அனுப்பும். ஆளுயரக் கண்ணாடியின் பின்பூச்சும் அப்படியே. மீன் தொட்டித் தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒன்றைத் தாண்டுவதற்குள்ளேயே பெரும்பங்கு போய்விடும். வீட்டின் நடுப்பகுதியில், தோளுக்கு மேலான உயரத்தில், நாலு பக்கமும் திறந்த இடமே உத்தமம். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான். அப்பளம் பொரியும் நேரத்தில் சமையலறையில் வீடியோ கால் திக்கினால் பெட்டியைத் திட்ட வேண்டாம்.

3. ஒரே பெட்டி இரண்டு பெயர்களில் தெரிந்தால் குழம்பாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 12 சென்டிமீட்டர் நீளம். வேகம் குறைவு, ஆனால் சுவர் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதி நீளம். வேகம் அதிகம், சுவர் என்றால் தடுமாறும். பெட்டி இருக்கும் அறையில் 5, கடைசிப் படுக்கையறைக்கும் மொட்டைமாடிக்கும் 2.4. கேமராக்கள், ஸ்மார்ட் பல்புகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். புதுப் பல்பு இணையவே மாட்டேன் என்கிறதா? போன் 5-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

4. "100 எம்.பி. பிளான் போட்டேன், டவுன்லோடு 12-க்கு மேல் ஏறவில்லை" என்று சண்டைக்குப் போகும் முன் ஒரு வகுத்தல் கணக்கு. கம்பெனி விற்பது மெகாபிட்டில், கணினி காட்டுவது மெகாபைட்டில். எட்டு பிட் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

5. மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்றால் மலிவான ரிப்பீட்டரை வாங்கிச் செருகுவது பலர் செய்வது. ஒரே அலைவரிசையில் கேட்டு, அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் ரகம் என்றால் வேகம் பாதியாகிவிடும். வயர் இழுக்க முடிந்த வீட்டில், ஒரு லான் கேபிளை மேலே கொண்டுபோய் இரண்டாவது ரூட்டரை அதில் மாட்டுவதே என் கட்சி. சுவரில் வயர் தெரிகிறதே என்று வீட்டில் எழும் முணுமுணுப்பைச் சமாளிப்பது உங்கள் பாடு.

6. போன் நம்பரை வைஃபை பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். இந்த ஒரு குறிப்பைத் தவிர மற்றதை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

"எவன் நம் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்க்கப் போகிறான்?" என்று என் மைத்துனர் கேட்டார். யாரும் உட்கார வேண்டியதில்லை என்பதுதான் விஷயம். இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள டபிள்யூ.பி.ஏ.2 முறையில், போன் ஒவ்வொரு முறை இணையும்போதும் பெட்டியோடு சில செய்திகளைப் பரிமாறிக்கொள்கிறது. பாஸ்வேர்டு அதில் நேராகப் போவதில்லை. ஆனால் அந்தச் செய்திகளைக் காற்றிலிருந்து பிடித்துக்கொண்டவர், வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகத் தன் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் பொருத்திப் பார்க்கலாம். நம் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கணினி நொடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும். நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கு இலக்கங்களில்தான் தொடங்குகின்றன. ஆக, எல்லா எண்களையும் சேர்த்தாலும் 400 கோடி. 4,000 நொடி. ஒரு சினிமாவின் இடைவேளைக்குள் முடிந்துவிடும். கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் மைத்துனர் அன்று மாலையே மாற்றினார்.

வேறு என்ன வைப்பது? ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். முறுக்கு, ஏணி, குதிரை, சாம்பிராணி என்பதுபோல. இதையே வைத்துவிடாதீர்கள், அச்சில் வந்துவிட்டது! 63 எழுத்து வரை இடம் உண்டு. 'ழ' வரும் சொல் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, ஆளுக்கு ஓர் எழுத்துக்கூட்டல் வைத்திருக்கிறோம் அல்லவா! எழுதிய தாளை அலமாரியில் ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. காற்றில் வருகிறவன் அலமாரியைத் திறக்க முடியாது.

7. பாஸ்வேர்டே வேண்டாம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று திறந்துவிடுகிற நல்ல மனசுக்காரர்களும் இருக்கிறார்கள். 2008 ஜூலை 26-ஆம் தேதி அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன், செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது கிளம்பிய இணைய முகவரியைத் தேடிப் போன போலீஸ் வந்து நின்றது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில். அவருடைய வைஃபைக்குச் சரியான பூட்டு இல்லை, யாரோ பயன்படுத்திக்கொண்டார்கள். தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நிலைநாட்டுவதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. நம் கனெக்‌ஷனில் யார் என்ன செய்தாலும், தேடி வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது நம் பெயரும் கதவு எண்ணும்.

8. பெட்டிக்கு இரண்டு பூட்டு. வைஃபையில் சேர ஒரு பாஸ்வேர்டு. பெட்டியின் அமைப்புகளையே மாற்ற இன்னொரு பாஸ்வேர்டு. முதலாவதை மாற்றுகிறவர்கள்கூட இரண்டாவதைத் தொடுவதில்லை. போனிலோ கணினியிலோ பிரவுசரைத் திறந்து 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் அந்தப் பக்கம் வரும். சில கம்பெனிகள் இதைத் தங்கள் ஆப்புக்குள் வைத்திருக்கின்றன. நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். பல பெட்டிகளில் இரண்டுமே 'அட்மின்' என்ற ஒரே சொல்தான்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016-இல் பரவிய 'மிராய்' என்ற கெடுநிரல் சாட்சி. கம்பெனி வைத்துக் கொடுத்த அறுபது சொச்சம் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டும்தான் அதன் கையிருப்பு. அதை வைத்துக்கொண்டே உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களுக்குள்ளும் ரூட்டர்களுக்குள்ளும் புகுந்தது. அந்த வருஷம் அக்டோபர் 21 அன்று அவற்றில் ஒரு பகுதியை ஏவிவிட்டு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணி நேரம் பலருக்குக் கிடைக்காமல் செய்தது. கேமரா வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது யாருக்காக வேலை செய்கிறது என்றே தெரியாது.

9. அதே பக்கத்தில் 'செக்யூரிட்டி' என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 2018-இல் வந்தது. மேலே சொன்ன, வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சோதிக்கும் வித்தை அதனிடம் பலிக்காது. பழைய போன் சேர மறுத்தால் 2-ம் 3-ம் கலந்த முறையை வையுங்கள். டபிள்யூ.இ.பி. என்று மட்டும் இருந்தால் அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போடலாம். அதன் பூட்டை 2001-லேயே உடைத்துவிட்டார்கள்.

10. டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக எட்டு இலக்க எண் ஒன்றைப் போட்டாலும் உள்ளே விடும் ஏற்பாடு அது. எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் பெட்டி முதல் நான்கைத் தனியாகவும் அடுத்த நான்கைத் தனியாகவும் சரிபார்த்துச் சொல்கிறது, கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஆக மொத்தம் 11,000 முயற்சிக்குள் அடங்கிவிடும் என்று 2011-லேயே வெளிப்பட்டது.

11. வைஃபை பெயரை மறைத்து வைப்பது வீண் வேலை. தேடுகிற கருவிக்கு அது எப்படியும் தெரியும், வீட்டுக்கு வந்த அத்தைதான் திண்டாடுவார். பெயரில் கதவு எண்ணையும் குடும்பப் பெயரையும் போடாமல் இருந்தால் போதும்.

12. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். 'கனெக்டட் டிவைசஸ்' என்ற பட்டியல் அதே பக்கத்தில் இருக்கும். நாங்கள் நான்கு பேர். எங்கள் பட்டியலில் பதினேழு. டிவி, கேமரா, பிரிண்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துக் கழித்துப் பார்த்தும் இரண்டு மிஞ்சின. மாடியில் குடியிருந்து பக்கத்துக் கட்டடத்துக்கு மாறிப்போன குடும்பத்தினுடையவை அவை என்று மறுநாள்தான் தெரிந்தது. காலி செய்து ஒன்றரை வருஷம் ஆகியும் அவர்கள் வீட்டு டிவிக்கு எங்கள் நெட்! அவர்களுக்கே தெரியாது, டிவி தானாகப் பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்துச் சேர்ந்திருக்கிறது. வீட்டுச் சாவியைத் திருப்பி வாங்கினோம், இதை யார் வாங்குவது? பாஸ்வேர்டை மாற்றுவது ஒன்றே வழி.

13. விருந்தாளிக்கு என்று தனியாக 'கெஸ்ட்' வைஃபை ஒன்றைப் பெரும்பாலான பெட்டிகளில் உருவாக்கலாம். அதில் சேர்பவருக்கு நெட் கிடைக்கும், உங்கள் கணினியோ பிரிண்டரோ தெரியாது. கியூ.ஆர். கோடாக அச்சிட்டு ஹாலில் ஒட்டிவிட்டால், தண்ணீர் கேட்பதற்கு முன்பே பாஸ்வேர்டு கேட்கும் சித்தி பையனுக்கும் வசதி. கேமரா, ஸ்மார்ட் டிவி, பல்பு எல்லாவற்றையும் இந்தக் கெஸ்ட் பக்கம் தள்ளிவிடுவது இன்னும் நல்லது. வாங்கிய நாளோடு அப்டேட்டை மறந்துபோகும் சாமான்கள் அவைதான்.

14. பெட்டிக்கும் அப்டேட் உண்டு. 'ஃபர்ம்வேர்' என்ற இடத்தில் தானாக நடக்கும்படி வையுங்கள். வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' உங்களுக்குத் தேவை இல்லை என்றால் மூடுங்கள்.

15. ரயில் நிலையத்திலும் ஓட்டலிலும் இலவச வைஃபை வந்தால் செய்தி படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். இன்று பெரும்பாலான தளங்கள் தகவலைப் பூட்டித்தான் அனுப்புகின்றன, ஆகவே பழைய பயம் அவ்வளவு இல்லை. ஆனால் வைஃபைக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் யாரும் வைக்கலாம். ஓட்டல் பெயரிலேயே பக்கத்து மேஜைக்காரர் ஒன்று திறந்து, கார்டு நம்பர் கேட்கும் போலிப் பக்கத்தையும் காட்டலாம். பணம் கட்டும்போது மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

16. "உங்க ரூட்டர் ஹேக் ஆயிடுச்சு, இந்த ஆப்பை இறக்குங்க, நான் சரி பண்றேன்" என்று வரும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

17. இடி தொடங்கும் முன்பே பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அடாப்டர் கடத்தும். மொட்டைமாடி டப்பாவிலிருந்து சாதாரண லான் வயர் இறங்கும் கனெக்‌ஷன் என்றால் அதையும் கழற்றுங்கள், மின்னலுக்குப் பிடித்த பாதை அதுதான். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். ஒன்று வாங்கலாம். அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

18. பெட்டிக்குப் பின்னால் ஊசி நுழையும் அளவில் ரீசெட் துளை இருக்கும். நெட் மெதுவாக இருக்கிறது என்று அதைக் குத்தாதீர்கள். கம்பெனி போட்டுவைத்த அமைப்பும் சேர்ந்து அழிந்து, தம்பி திரும்ப வரும் வரை நெட் இருக்காது. வீடு மாறும்போதோ கனெக்‌ஷனை விட்டுவிட்டுப் பெட்டியைத் திருப்பித் தரும்போதோ, பெட்டி ஆனில் இருக்க, ஊசியால் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். எல்லா விளக்கும் ஒருமுறை அணைந்து எரிந்ததும் தம்பி கையில் கொடுத்து அனுப்பலாம்.