ஆயிரம் மைலும் ஒரு தூக்கமும்



போன மாதம் செராஸில் நம் ஞாயிறு வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் படிவம் முடித்த தம்பி ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, ஒரே நாள்ல ஆயிரம் மைல் மோட்டர் ஓட்டினா சர்டிபிகேட் தர்றாங்களாமே? நீங்க போயிருக்கீங்களாமே?"

போனேன். சர்டிபிகேட் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்பதுதான் இந்த மாதப் பாடம்.

அது என்ன ஆயிரம் மைல்?

அமெரிக்காவில் அயர்ன் பட் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. 'இரும்புப் பிட்டம்' என்று பொருள். சிரிக்காதீங்க, பெயரே அதுதான். அதன் முதல் நெடுந்தூர ராலி 1984இல் நடந்தது. இன்று அந்த ராலியில் 11 நாளில் ஏறத்தாழ 11,000 மைல் ஓட்டுகிறார்கள். அதற்கு முதல் படி 'சேடல்சோர் 1000'. 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர். உலகில் எங்கிருந்தும் செய்யலாம். புறப்பட்ட இடம், திரும்பிய முனை, முடித்த இடம் எல்லாவற்றுக்கும் நேரமும் ஊரும் அச்சான பெட்ரோல் ரசீது காட்ட வேண்டும். இது பந்தயம் இல்லை. யாரையும் முந்த வேண்டியதில்லை.

நம் நாட்டில் இதற்கு வழி தயாராகவே இருக்கிறது. 1994இல் முழுமையடைந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. மோட்டாருக்கு டோல் கிடையாது. செராஸிலிருந்து தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாம் சுமார் 480 கி.மீ. ஜோகூர் பாரு சுமார் 330 கி.மீ. வடக்கே போய் வந்து, பிறகு தெற்கே போய் வந்தால் ஆயிரம் மைலைத் தொட்டுவிடலாம். குறைந்தால் கொஞ்சம் சுற்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் போடுவோம்

1,609ஐ 24ஆல் வகுத்தால் மணிக்கு 67 கி.மீ. "இவ்வளவுதானா?" என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த 67இல் பெட்ரோல், சாப்பாடு, மழை, கழிவறை, தூக்கம் எல்லாம் அடக்கம்.

என்னுடையது 150 சிசி மோட்டார். டேங்க் நாலு லிட்டர் சொச்சம். 150 கி.மீ.க்கு ஒரு தடவை நிற்க வேண்டும். ஆக 11 தடவை. தடவைக்கு 10 நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு தே தாரிக், ஒரு செல்ஃபி, ஒரு வாட்ஸ்அப் என்று 30 நிமிடம் ஆனால் ஐந்தரை மணி நேரம் போய்விடும். நேரம் தொலைவது சாலையில் அல்ல, கடையில்தான். 110 வேக வரம்பைத் தாண்டினால்தான் முடிக்க முடியும் என்பது தப்பான எண்ணம். 90இல் ஓட்டினாலே 18 மணி நேரத்தில் தூரம் முடியும். மிச்சம் ஆறு மணி நேரம் உங்கள் கையில்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒரு கணக்கை மட்டும் போடவில்லை.

நாங்கள் போன கதை

நானும் என் கூட்டாளியும் ஒரு சனிக்கிழமை அதிகாலை 3 மணிக்குச் செராஸில் முதல் ரசீது வாங்கினோம். அதற்கு முதல் நாள்தான் கோவிலில் பூசை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீடு வர நேரமாகிவிட்டது. நான் தூங்கியது மூன்று மணி நேரம். அவன் அதுவும் இல்லை.

வடக்கே போகும்போது சொர்க்கம். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதையைக் கடக்கும்போது இன்னும் இருட்டு. கெடா வயல் பக்கம் விடிந்தது. ஒன்பதரைக்கெல்லாம் எல்லையில் ரசீது. திரும்பி வரும்போது தாப்பாவில் மழை பிடித்து ஒரு மணி நேரம் போச்சு. மாலை ஐந்துக்குச் செராஸைத் தாண்டித் தெற்கே திரும்பினோம். வீடு பத்து நிமிடத் தூரம். இரவு பத்துக்கு ஜோகூர் பாருவில் ரசீது. சுமார் 1,290 கி.மீ. ஆகியிருந்தது. இனி ஒரே நேர் கோடு, வீடு வரை.

யோங் பெங் தாண்டியபின் ஒரு பலகையைப் பார்த்தேன்: பாகோ ஓய்வு நிலையம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு முந்தின சில கிலோமீட்டர் எனக்கு நினைவிலேயே இல்லை. கண் திறந்துதான் இருந்தது. கை பிடித்துதான் இருந்தது. ஆனால் நான் அங்கே இல்லை. முன்னால் போன கூட்டாளியின் சிவப்பு விளக்கு மெதுவாக இடது பக்கம் நகர்ந்து, கோட்டைத் தொட்டு, வெடுக்கென்று திரும்பியது. ஹார்ன் அடித்து, அவனையும் உள்ளே திருப்பினேன்.

மணி 11.45. மிச்சம் 180 கி.மீ. கையில் மூன்றேகால் மணி நேரம்.

"டேய், ரெண்டு மணி நேர ஓட்டம்தான்டா! காப்பி குடிச்சிட்டுப் போயிரலாம்."

"முடியாதுடா. நான் தூங்கிட்டேன். நீயும் தூங்கின."

"நான் தூங்கல."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அது தெரியவே தெரியாது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவன் சாவியை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவன் கத்தினான், திட்டினான், பிறகு பெஞ்சில் சாய்ந்த இரண்டாம் நிமிடமே குறட்டை. இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்தேன். எழுந்தபோது மணி ஐந்து.

ஓட்டியிருந்தால் வீடு சேர்ந்திருப்போமா? சேர்ந்திருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. அவன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

உடம்பு போடும் கணக்கு

பிறகுதான் நான் படித்தேன். 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும் ஒத்துழைக்கும் திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. 2020இல் நம் சட்டம் திருத்தப்பட்ட பின் மலேசியாவில் மது வரம்பும் அதே அளவுதான்: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். பாகோவில் நான் கிட்டத்தட்ட 22 மணி நேரம் விழித்திருந்தேன். ஒரு சொட்டு மது தொடாத நான், குடித்தவனைப் போல ஓட்டியிருக்கிறேன்.

90 கி.மீ. வேகத்தில் மோட்டார் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் போகும். மூன்று விநாடி கண் சொருகினால் 75 மீட்டர் யாரும் ஓட்டாத மோட்டார். காரில் கண் அசந்தால் சுற்றிலும் இரும்பு இருக்கிறது. நமக்குச் சட்டைதான். நம் நாட்டுச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள் என்பதை மறக்காதீங்க.

இன்னொன்று. அதிகாலை 2 முதல் 6 வரை உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். காப்பி வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும். குடித்தவுடன் ஏறி ஓட்டினால் பயனில்லை. குடித்துவிட்டு 20 நிமிடம் படுத்து எழுந்தால் ஓரளவு உதவும். ஆனால் கடன் பெரிதாகிவிட்டால் தூங்கித்தான் அடைக்க வேண்டும்.

போக நினைக்கிறவர்களுக்கு

1. முதலில் பகலில் 300 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். பிறகு 500, பிறகு 800. எங்கே வலிக்கிறது, எப்போது தூக்கம் வருகிறது என்று எழுதி வையுங்கள்.

2. புறப்படும் முன் இரண்டு இரவு முழுத் தூக்கம். வேலை நாள் முடிந்த கையோடு கிளம்பாதீர்கள்.

3. எலுமிச்சம்பழம் வைப்பது நம் வழக்கம், வையுங்கள். அதே நேரம் குனிந்து டயரில் காற்று, சங்கிலி, பிரேக், விளக்கு எல்லாவற்றையும் பாருங்கள்.

4. தாகம் எடுக்கும் முன் தண்ணீர் குடியுங்கள். காற்று வியர்வையை உடனே உலர்த்துவதால் உடம்பு காய்வது தெரியாது.

5. மழையென்றால் ஓய்வு நிலையத்துக்குள் போங்கள். பாலத்துக்கு அடியில் சாலையோரம் நிற்காதீர்கள்.

6. இருவர் போனால், "நிறுத்து" என்று யார் சொன்னாலும் இருவரும் நிற்க வேண்டும். விவாதம் கிடையாது. இதைப் புறப்படும் முன்பே பேசி முடியுங்கள். நாங்கள் பேசவில்லை.

ஈப்போவில் ஆசிரியர் பயிற்சிக் கழக விரிவுரையாளராக இருந்த அனிதா யூசோப், 2015இல் 150 சிசி மோட்டாரில் தனியாகப் புறப்பட்டு உலகைச் சுற்றி மறு ஆண்டு திரும்பினார். ஒவ்வொரு நாளும் எங்கேயாவது நிறுத்திப் படுத்துத்தான் அந்தத் தூரம் போனார். நெடுந்தூரம் என்பது நிற்காமல் ஓடுவது அல்ல.

அந்தத் தம்பிக்கு நான் "போகாதே" என்று சொல்லவில்லை. "முதல்ல ஈப்போ போய்ட்டு வா, பகல்ல. வந்து என்கிட்ட சொல்லு" என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. பரவாயில்லை. அடுத்த ஞாயிறு வந்து நாற்காலி அடுக்கினான்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் கூட்டாளி "நான் தூங்கல" என்று உறுதியாகச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

2. 180 கி.மீ. மிச்சம் இருக்கும்போது நிறுத்துவது ஏன் 800 கி.மீ. மிச்சம் இருக்கும்போது நிறுத்துவதைவிடக் கடினம்?

3. படிப்பிலோ வேலையிலோ, "இன்னும் கொஞ்சம்தான்" என்று ஓடி உடம்பைக் கெடுத்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா?