பணிசெயல் முறைமை மாறினாலும் இயங்கும் சோதனை

மாணவர்களே, செய்நிரலுக்கு உள்ளீட்டைக் கொடுத்து, வருவிளைவை எதிர்பார்த்த விடையுடன் ஒப்பிடும் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அது சோதனைக் கட்டளைக் கோப்பு ஆகும். ஒரு பணிசெயல் முறைமையில் எழுதிய இக்கோப்பு இன்னொன்றிலும் மாற்றமின்றி இயங்குவதே அதன் பெயர்தகைமை.

இதன் தேவை என்ன? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் இலங்கையில் உருவான 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருள், 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. பிறருடைய கணினியில் ஓடவேண்டிய மென்பொருளைப் பிறருடைய கணினியிலும் சோதிக்க முடிய வேண்டும்.

ஓர் அனுபவம்

வெலிமடையில் எனது வகுப்பு மாணவி ஒருவர், மூன்று புள்ளிகளின் சராசரி காணும் பாஸ்கல் செய்நிரலைப் பாடசாலையில் விண்டோசில் எழுதிச் சோதித்தார். 50, 60, 70 கொடுத்தால் 60 வந்தது. சோதனை வெற்றி. எங்கள் லினக்ஸ் கணினியில் அதே சோதனை 'வேறுபாடு உண்டு' என்றது. திரையில் இரண்டும் 60 தான்! அவர் செய்நிரல் பிழையென நினைத்துச் சரியான வரியை அழித்துவிட்டார். வழு இருந்ததோ சோதனையில்.

காரணங்கள்

1. வரி முடிவு: விண்டோசில் ஒரு வரி 13, 10 என்னும் இரு குறிகளால் முடியும். லினக்சில் 10 மட்டுமே. ஆகவே '60' என்னும் வரி விண்டோசில் 4 பைற்று, லினக்சில் 3 பைற்று. (பழைய தொலைத்தட்டச்சுப் பொறியில் 13 அச்சுமுனையை இடப்பக்கம் கொண்டுவந்தது, 10 தாளை மேலே நகர்த்தியது.)

2. கோப்புறைப் பாதை: விண்டோசில் \ , லினக்சில் / .

3. கோப்புப் பெயர்: லினக்ஸ் ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறுபடுத்தும். விண்டோஸ் பொதுவாக வேறுபடுத்தாது.

4. கட்டளை: கோப்புகளை ஒப்பிட விண்டோசில் 'எஃப்சி', லினக்சில் 'டிஃப்'.

தீர்வு

ஒப்பிடும் வேலையையும் பாஸ்கலிலேயே எழுதுக. இரு கோப்புகளையும் 'ரீட்எல்என்' மூலம் வரிவரியாக வாசித்து ஒப்பிடுக. ஃப்ரீ பாஸ்கல் இருவகை வரி முடிவையும் ஏற்கும். இரண்டும் ஒரே வரியில் முடிகின்றனவா என்பதையும் பார்க்க. கோப்புகள் ஒரே கோப்புறையில் இருந்தால் பாதை தேவையில்லை. பெயர்களைச் சிற்றெழுத்திலேயே இடுக. ஒவ்வொரு கணினியிலும் மீண்டும் தொகுத்து இயக்குக.

கவனிக்க: சோதனை தோற்றால் உடனே செய்நிரலைத் திருத்தாதீர்கள். பிழை செய்நிரலிலா, சோதனையிலா என முதலில் காண்க.

மாதிரி வினா: '60', '75' என இரு வரிகள் கொண்ட கோப்பின் பருமன் இரு முறைமைகளிலும் எவ்வளவு? (ஒவ்வொரு வரியும் வரி முடிவுக் குறியுடன் முடிகிறது.)

விடை: விண்டோஸ் 8 பைற்று, லினக்ஸ் 6 பைற்று.