முழுப் பக்கமும் வேண்டும்

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வர்ஜீனியாவின் கிராமத்துக் கவுண்டி ஒன்றில் பிறந்த உன் தோழி, தன் முன்னோரைத் தேடி 1870 வரை போய்விட்டாள், அதற்கு முன்னால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அவள் தேடியதில் குறையில்லை, அம்மா. அடிமைகளாய் இருந்தவர்களை மக்கள்தொகைக் கணக்கு பெயர் சொல்லி எழுதத் தொடங்கியதே 1870-இல்தான். 1850, 1860 கணக்குகளில் அவர்களுக்கென்று தனி ஏடு உண்டு. அதில் எஜமானர் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று எழுதினார்கள். அவர்களுடைய பெயருக்கு இடமே ஒதுக்கவில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் பத்திரம் புரட்டியவன் சொல்கிறேன்: சொத்து ஏடுகளில் தேடுங்கள். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அன்றைய சட்டம் அவர்களைச் சொத்தாகத்தான் வைத்திருந்தது.

அதற்கு எஜமானர் யாரென்று தெரியவேண்டும். விடுதலை பெற்ற தம்பதிகளின் இல்லறத்தைச் சட்டம் திருமணமாக ஏற்றபோது, 1866-இல் கவுண்டிவாரியாக ஒரு பதிவேடு எழுதினார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் பெயரோடு கடைசி எஜமானர் பெயரும் அதில் இருக்கும். எல்லாக் கவுண்டியின் ஏடும் தப்பிப் பிழைக்கவில்லை; முதலில் அதைக் கேளுங்கள். தோழியின் குடும்பப் பெயரே எஜமானரின் பெயராக இருக்கும் என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். பலர் வேறு பெயரைத் தேர்ந்துகொண்டார்கள்.

பிறகு கோர்ட் ஹவுஸ். நம்மைப் போலவே அங்கேயும் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் என்று இரண்டு அட்டவணை. கடனுக்கு மனிதர்களை அடகு வைத்த பத்திரங்களும் அதில் அகப்படும். அதைவிட முக்கியம் உயில் ஏடு. எஜமானர் இறந்ததும் அவர் உடைமைக்கு விலை மதித்துப் பட்டியல் போடுவார்கள். உன் அப்பாவோடு அங்கே போனபோது அப்படி ஒரு பக்கத்தை நான் பார்த்தேன். கலப்பைக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு பெண்ணின் பெயர், அவள் கைக்குழந்தை, இருவருக்கும் சேர்த்து ஒரே விலை. அன்றைக்கு அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை.

அந்த எஜமானரின் ஏடுகளில் தோழியின் முன்னோர் பெயர் இல்லையென்றால், எஜமானருடைய மாமனாரின் உயிலைப் பாருங்கள். மகளுக்குச் சீதனமாக மனிதர்களை எழுதிவைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. மூலப்பத்திரம் தேடி நாம் பின்னோக்கிப் போவதில்லையா, அதே வேலைதான். பாகப்பிரிவினைத் தாளையும் விடாதீர்கள். தாய் எந்த வாரிசுக்குப் போனாள், பிள்ளை எந்த வாரிசுக்குப் போனான் என்பது அதில்தான் தெரியும்.

பட்டியலைத் தோழியே முதலில் படிக்கட்டும், நீ பக்கத்தில் இரு. நகலெடுக்கும்போது ஏட்டின் எண், பக்க எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் இருக்கும் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். முழுப் பக்கமும் வேண்டும். அந்தப் பெயருக்குரியவரின் தங்கையோ தம்பியோ இரண்டு வரி தள்ளி இருக்கலாம்.

அன்புடன்,
பெரியப்பா