காமிரா பார்க்காத பக்கம்

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் ஓடும். திருச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கறுப்பு வெள்ளை டிவி. எதிரே பாயில் நான். ஜன்னலோரம் தையல் மிஷினில் அம்மா. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துத்தான் அம்மா எங்களைப் படிக்க வைத்தார். அந்தத் தொடரின் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் யாரும் தொடாமலே திறக்கும் கதவும், மூடியைத் திறந்து பேசுகிற கையடக்கக் கருவியும், கூர்ந்த காதுள்ள ஸ்போக்கும் மனதில் அப்படியே தங்கிவிட்டன.

முப்பது வருடம் கழித்து அந்தப் பொருட்களைக் கண்ணாடிக்குப் பின்னால் நேரில் பார்த்தேன். 2016இல் ஸ்டார் ட்ரெக்குக்கு ஐம்பது வயது. அதையொட்டி அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 'ஸ்டார் ட்ரெக்: எக்ஸ்ப்ளோரிங் நியூ வேர்ல்ட்ஸ்' என்ற கண்காட்சி மே மாதம் திறந்தது. நடத்தியது, மைக்ரோசாஃப்டை நிறுவிய இருவரில் ஒருவரான பால் ஆலன் தொடங்கிய அருங்காட்சியகம். அப்போது அதன் பெயர் இஎம்பி மியூசியம். அந்த ஆண்டின் இறுதியில்தான் 'மியூசியம் ஆஃப் பாப் கல்ச்சர்' என்று மாறியது.

வேலை காரணமாக நாங்கள் அந்த ஊர்ப் பக்கம் குடியிருந்தோம். அந்தக் கோடையில் இரண்டு தடவை போனேன். முதல் தடவை தனியாக. இரண்டாவது தடவை பத்து வயது மகளோடும், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவோடும். முதல் தடவை பார்த்ததில் இன்று மனதில் நிற்பது மிகக் குறைவு. இரண்டாவது தடவை கற்றுக்கொண்டதுதான் இதை எழுத வைக்கிறது.

ஓர் அத்தியாயமாவது பார்த்துவிட்டுப் போங்கள்

முதல் தடவை சிறுவயது நினைவை மட்டும் நம்பிப் போனேன். நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள். துப்பாக்கி, சீருடை, கப்பல் மாதிரி, முகமூடி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போனேனே தவிர, எதன் முன்னும் நிற்கத் தோன்றவில்லை. ஒரு பொருள் எந்தக் கதையில், எந்த நிமிடத்தில், யார் கையில் இருந்தது என்று தெரியாவிட்டால் அது வெறும் பழைய சாமான்தான்.

இரண்டாவது தடவை போவதற்கு முதல் நாள் இரவு மகளோடு உட்கார்ந்து 'தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்' பார்த்தேன். 1967இல் ஒளிபரப்பான அத்தியாயம். கொழுக்கட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை உருண்டையான, ரோமம் அடர்ந்த ட்ரிபிள் என்ற பிராணிகள் பெருகிப் பெருகி விண்கப்பலையே நிறைத்துவிடும் கதை. மறுநாள் கண்காட்சியில் அந்த ட்ரிபிள்களைக் கண்டதும் மகள் ஓடிப் போய் நின்றாள். செயற்கை ரோமத் துணியைப் பை போலத் தைத்து உள்ளே பஞ்சு அடைத்தது, அவ்வளவுதான். ஏறத்தாழ 500 செய்தார்களாம். "இதை நாமளே தைக்கலாமே பாட்டி" என்றாள். அதற்கு முன் அவள் எந்த அருங்காட்சியகத்திலும் அப்படிச் சொன்னதில்லை. ஐம்பது நிமிட அத்தியாயம் ஒன்று செய்த வேலை அது.

உடையைத் தைப்பவர் கண்ணால் பாருங்கள்

அம்மாவுக்கு ஸ்டார் ட்ரெக் தெரியாது. மிஷின் சத்தத்தில் அன்று எதுவும் அவர் காதில் விழுந்திருக்காது. ஆனால் ஸ்போக்காக லெனார்ட் நிமாய் அணிந்த நீலச் சட்டையின் முன் அம்மா நின்ற நேரம், நான் அங்கே நின்ற நேரத்தைவிடப் பல மடங்கு.

"பொத்தானும் இல்ல, கொக்கியும் இல்ல. இதை எப்படிம்மா தலைவழியா போடுவாங்க? கழுத்து இவ்வளவு இறுக்கமா இருக்கே" என்றார். எனக்கு அந்தக் கேள்வி முப்பது வருடமாகத் தோன்றியதே இல்லை. தையலோடு தையலாக வெளியே தெரியாமல் ஜிப் வைத்திருந்தார்கள். எதிர்காலத்து மனிதர்களின் சட்டையில் பொத்தான் தெரியக் கூடாது என்பது எண்ணம். பையும் கிடையாது. கருவிகளை இடுப்பில் ஒட்டி வைக்க வெல்க்ரோ.

இந்த உடைகளை வடிவமைத்தவர் வில்லியம் வேர் தைஸ். முதல் இரண்டு பருவங்களுக்கு அவர் எடுத்தது வெலூர் துணி. வெல்வெட் போல ரோமம் படிந்த, வெளிச்சத்தில் மினுங்குகிற துணி. படப்பிடிப்பு முடிந்து சலவைக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவையும் அது சுருங்கியது. மூன்றாம் பருவத்தில் வேறு துணிக்கு மாறினார்கள். இதை அம்மாவிடம் சொன்னதும், "துணியைத் தண்ணியில் போடாம வெட்டினா அப்படித்தான்" என்றார் உடனே.

கேப்டன் கிர்க்கின் சட்டை எல்லோருக்கும் பொன்னிறமாகத்தான் தெரியும். ஆனால் அந்த வெலூர் துணி உண்மையில் பச்சைச் சாயல் கொண்டது. ஸ்டூடியோ விளக்கிலும் பிலிமிலும் அது பொன்னிறமாகப் பதிவானது. எங்கள் வீட்டு டிவியில் அது சாம்பல் நிறம். ஒரே சட்டையைத் தைத்தவர் ஒரு நிறத்திலும், அமெரிக்கக் குழந்தைகள் ஒரு நிறத்திலும், நான் ஒரு நிறத்திலும் பார்த்திருக்கிறோம். உடையை நேரில் பார்க்கப் போவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே உடையின் முன் நிற்கும்போது முகத்தைத் தேடாதீர்கள். கழுத்தோரம், கைமடிப்பு, அக்குள், முழங்கை ஆகிய இடங்களைப் பாருங்கள். வியர்வையும் உழைப்பும் தெரிவது அங்கேதான். சுற்றிவர இடம் இருந்தால் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

எதனால் செய்தது என்று கேளுங்கள்

இந்தத் தொடரில் டாக்டர் மெக்காய் நோயாளியின் உடம்பின் மேல் நகர்த்தும் மருத்துவக் கருவிகளில் சில, கடையில் வாங்கிய உப்புக் குப்பிகள். 1966 செப்டம்பரில் முதலில் ஒளிபரப்பான அத்தியாயத்தில் உப்பு ஒரு முக்கிய விஷயம். அதற்காகப் புதுமாதிரி உப்புக் குப்பிகளை வாங்கி வந்தார்கள். பார்த்தால் உப்புக் குப்பி என்றே தெரியவில்லை. அதனால் சாப்பாட்டு மேசைக்குச் சாதாரணக் குப்பியை வைத்துவிட்டு, இவற்றை டாக்டரின் பெட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கேப்டனின் நாற்காலியும் அப்படித்தான். அறுபதுகளில் விற்பனையில் இருந்த சாதாரணக் கை நாற்காலி ஒன்றைச் சுற்றிப் பலகை அடித்து, கைப்பிடிகளில் விளக்கும் பொத்தானும் பதித்தது. கண்காட்சியின் நடுநாயகம் அதுதான். தானாகத் திறக்கும் கதவுகளுக்குப் பின்னால் மின்சார மோட்டார் இல்லை. ஆட்கள் நின்று கயிறு பிடித்து இழுத்தார்கள். ஒவ்வொரு கிரகத்திலும் கப்பலை இறக்கிக் காட்டப் பணமில்லாததால்தான் மனிதரை ஒளியாகக் கரைத்து அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் என்ற எண்ணமே பிறந்தது. அந்த மினுமினுப்புக்குப் பயன்பட்டது அலுமினியத் தூள்.

இதையெல்லாம் அறிந்தால் மயக்கம் கலைந்துவிடும் என்று முன்பு நினைத்தேன். நடந்தது வேறு. இல்லாமையிலிருந்து ஒன்றை உண்டாக்குவதைப் பார்க்கும்போது மரியாதை கூடுகிறது. மிச்சத் துணியில் எனக்குப் பாவாடை தைத்துக் கொடுத்த கையை நான் அறிவேன்.

விளக்கப் பலகையில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். அந்தப் பொருள் படப்பிடிப்பில் பயன்பட்டதா, பிற்பாடு செய்த நகலா? படப்பிடிப்பில் பயன்பட்டதிலும் இரண்டு வகை உண்டு. அருகில் காட்டுவதற்காக நுணுக்கமாகச் செய்தது ஒன்று. தூரத்தில் நிற்பவர் இடுப்பில் தொங்குவதற்காக எளிமையாகச் செய்தது மற்றொன்று. இரண்டும் அருகருகே இருந்தால் ஒப்பிடுங்கள். எங்கே உழைப்பைக் கொட்ட வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதைக் கைவினைஞர்கள் எப்படித் தீர்மானித்தார்கள் என்பது அதில் விளங்கும்.

முடிக்காத பக்கத்தைத் தேடுங்கள்

அடுத்த ஆண்டு வாஷிங்டன் போனபோது, ஸ்மித்சோனியனின் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில், ஸ்டார் ட்ரெக்கில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலைப் பார்த்தேன். தொடருக்காகப் படம் பிடித்த அதே மாதிரி. 11 அடி நீளம், ஏறத்தாழ 90 கிலோ எடை. வடிவமைத்தவர் மாட் ஜெஃப்ரீஸ். 1964இல் கட்டியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் டேட்டின். பெரும்பகுதி மரம். 1974இல் பாராமவுண்ட் நிறுவனம் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது.

அந்தக் கப்பலின் வலப்பக்கம் முழுமையானது. இடப்பக்கம் அப்படியல்ல. உள் விளக்குகளுக்கான மின்கம்பிகள் அந்தப் பக்கமாகத்தான் போயின. காமிரா வலப்பக்கத்தையே பார்க்கும் என்பதால் இடப்பக்கத்தை முடிக்காமலே விட்டார்கள். பின்னாளில் பழுதுபார்த்தவர்கள் நினைத்திருந்தால் அதையும் அழகாக்கியிருக்கலாம். 2014 தொடங்கி 2016 வரை நடந்த சீரமைப்பில் அப்படிச் செய்யவில்லை. 1967இல் அது எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவருவதுதான் நோக்கம். முந்தைய சீரமைப்புகளில் கப்பலுக்குப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டிருந்தார்கள். வட்டத் தட்டின் மேற்புறத்தில் மட்டும் பழைய பெயின்ட் தப்பியிருந்தது. அதை வைத்துத்தான் மற்ற இடங்களின் நிறத்தை மீட்டார்கள்.

அம்மா ரவிக்கையை வாங்கியதும் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார். "வெளியே யார் வேணா அழகா காட்டலாம், தையல் உள்ளேதான் இருக்கு" என்பார். அந்த இடப்பக்கத்தின் முன் நின்றபோது எனக்கு அந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. சீரமைப்புக் குழு, பழைய படங்கள் யாரிடமாவது இருந்தால் தாருங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டது. கப்பல் மாற்றம் அடைவதற்கு முன் ரசிகர்கள் எடுத்த படங்கள் சான்றாக வேண்டியிருந்தன. ஆகவே படம் எடுக்க அனுமதி இருந்தால், நீங்கள் நிற்கும் படத்தோடு பொருளை மட்டும் தனியாகவும், விளக்கப் பலகையைத் தனியாகவும் எடுத்து, தேதியோடு வையுங்கள்.

உடைக்குள் இருந்தவரை மறக்காதீர்கள்

சியாட்டில் கண்காட்சியில் லெப்டினன்ட் உஹுராவின் சிவப்பு உடையும் இருந்தது. அணிந்தவர் நிச்செல் நிக்கல்ஸ். அறுபதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பினப் பெண் ஒருவர் அதிகாரியாக, கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்தது பெரிய விஷயம். முதல் பருவத்துக்குப் பின் விலக நினைத்த அவரை, விலகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர் மார்ட்டின் லூதர் கிங். 1977இல் நாசாவுக்காகப் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர் தேர்வுக்கு விண்ணப்பிக்க அழைத்தார் நிக்கல்ஸ். அடுத்த ஆண்டு தேர்வான குழுவில் பெண்ணான சாலி ரைடும் கறுப்பினத்தவரான கியோன் ப்ளூஃபோர்டும் இருந்தார்கள். உஹுராவின் சீருடை ஒன்று இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மகளிடம் இந்தக் கதையைச் சொன்னபின் அந்தச் சிவப்பு உடையின் முன் அவள் பேசாமல் நின்றாள்.

இப்படிக் கண்காட்சிகளுக்குப் போவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

விடுமுறை நாளைத் தவிர்த்து வார நாளில், திறந்ததும் போய்விடுங்கள். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் வேகமாக ஒரு சுற்று. பிறகு பிடித்த ஐந்தே பொருட்களுக்கு மெதுவாக ஒரு சுற்று.

உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று குறைப்படாதீர்கள். வெளிச்சம் பட்டுப் போன சாயம் திரும்ப வராது. அதனால் துணி வகைகளை ஏறத்தாழ 50 லக்ஸ் அளவு மங்கலான ஒளியில்தான் வைப்பார்கள். இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். ஃபிளாஷ் போடவே கூடாது.

குழந்தைக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுங்கள். ஒரு பொருளை வரைய வேண்டுமென்றால் பத்து நிமிடம் அதைப் பார்த்தாக வேண்டும். பெரியவர்களை, "இவர்களுக்கு இதெல்லாம் எதற்கு" என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தச்சு தெரிந்தவர், தையல் தெரிந்தவர், பெயின்ட் அடித்தவர் யாராவது கூட வந்தால் நீங்கள் காணாததைக் காட்டுவார்கள். சியாட்டில் அருங்காட்சியகத்துக்கே போகிறவர்கள் நகர மையத்திலிருந்து மோனோரயிலில் போங்கள். 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய அந்த ரயில், பிராங்க் கெரி வடிவமைத்த அந்த அருங்காட்சியகக் கட்டடத்தின் ஊடாகவே போகும்.

கடைசியாக ஒன்று. மூடியைத் திறந்து பேசும் அந்தக் கருவியை, என் சிறுவயது ஆசையை, உருவாக்கியவர் வா சாங். தொழிற்சங்க விதிகளின் சிக்கலால் அவர் பெயர் திரையில் வரவே இல்லை. அம்மா தைத்த நூற்றுக்கணக்கான ரவிக்கைகளிலும் அம்மாவின் பெயர் கிடையாது. அடுத்த தடவை நீங்கள் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும், நடிகர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைத் தேடுங்கள். தைத்தவர், செதுக்கியவர், பெயின்ட் அடித்தவர் பெயர் அது. உடன் வரும் குழந்தையை அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.