வேலையை விடாமல் வெளிநாட்டுப் பட்டம்

உலு யாம் வட்டாரத்திற்கு அண்மையில் சென்றிருந்தபோது, பால்மரம் வெட்டும் அன்பர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். "சார், என் மகள் பட்டதாரி. தோட்ட ஆபிசில் கிராணியாக இருக்கிறாள். வணிகத் தகவலியலில் வெளிநாட்டு முதுகலைப் பட்டம் பெற வேண்டும் என்கிறாள். வேலையை விட்டுவிட்டால் குடும்பம் தாங்காது. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. என்ன செய்வது?"

இவ்வினா பல குடும்பங்களுக்கும் உரியது. ஆதலின், இம்மாதப் பாடமாக அதனையே எடுத்துக்கொள்வோம்.

இப்படிப்பு எதைப் பற்றியது?

காலையில் வெட்டிய பால் ஸ்டோரில் நிறுக்கப்படுகிறது. அதிலுள்ள ரப்பரின் அளவும் சோதிக்கப்படுகிறது. 40 கிலோ பாலில் நூற்றுக்கு 30 பங்கு ரப்பர் இருப்பின், உலர்ந்த ரப்பர் 12 கிலோ ஆகும். இக்கணக்கு செக்ரோலில் ஏறி, மாத இறுதியில் சம்பளமாகிறது. ஓர் எண் பிழைபட்டால் ஒரு குடும்பத்தின் வருமானம் குறைகிறது.

எண்ணை முதலில் பதிபவர் யார்? சரிபார்ப்பவர் யார்? நிர்வாகி எதனைக் கண்டு முடிவெடுக்கிறார்? இவற்றை ஆராய்ந்து, அதற்கேற்ற கணினி முறையை அமைப்பதே வணிகத் தகவலியல். செக்ரோல் எழுதிப் பழகிய பெண்ணுக்கு இது முற்றிலும் புதிய துறை அன்று.

இருந்த இடத்திலிருந்தே கற்கலாமா?

கற்கலாம். லண்டன் பல்கலைக்கழகம் 1858-ஆம் ஆண்டிலேயே, தன் கல்லூரிகளில் பயிலாதவர்களும் தேர்வு எழுதிப் பட்டம் பெற வழி திறந்தது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் நிறுவப்பட்டு, 1971-இல் பாடங்களைத் தொடங்கியது. அதே 1971-இல் நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் வேலை செய்வோருக்கான தொலைக்கல்வியைத் தொடங்கியது. ஜெர்மனியின் ஹாகன் நகரில் 1974-இல் அமைந்த தொலைக்கல்விப் பல்கலைக்கழகம் வணிகத் தகவலியலிலேயே முதுகலைப் படிப்பை நடத்துகிறது. ஆனால் அங்கே பயில ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் வேண்டும்?

ஐரோப்பிய முதுகலைப் படிப்புகள் பல 120 புள்ளிகள் கொண்டவை. ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு தேவை. குறைந்த அளவை எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 3,000 மணி நேரமாகும். நான்கு ஆண்டுகளில் முடிப்பதாயின், ஆண்டுக்கு 750 மணி நேரம். அதாவது, வாரத்திற்கு ஏறத்தாழ 15 மணி நேரம். வாரத்தில் ஐந்து இரவுகள் இரண்டு மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரமும் ஒதுக்கினால் இது கைகூடும்.

பணம் கட்டுமுன் மூன்று சோதனைகள்

முதலாவது, அங்கீகாரம். அப்பட்டம் இங்கே செல்லுமா என்பதை எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். அரசாங்க வேலை நாடுவோர் பொதுச் சேவை இலாகாவிடமும் கேட்பது நலம். முகவரின் வாய்ச்சொல் சான்றாகாது.

இரண்டாவது, முழுச் செலவு. பாடக் கட்டணம் மட்டுமன்றி, தேர்வுக் கட்டணம், கணினி, அந்நிய நாணய மாற்று ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளியின் மதிப்புக் குறைந்தால் அடுத்த தவணை கூடும்.

மூன்றாவது, நேரமும் தேர்வு மையமும். ஜெர்மனியில் குளிர்காலத்தில் மாலை 7 மணிக்கு நடக்கும் வகுப்பு, இங்கே பின்னிரவு 2 மணிக்கு வரும். பாடத்தைப் பதிவாகப் பின்னர்க் காண இயலுமா, தேர்வை எங்கே எழுதுவது என்பனவற்றை முன்னரே கேளுங்கள்.

சான்றிதழ் இல்லாதோர் நிலை என்ன?

அவர்களும் மனந்தளர வேண்டியதில்லை. நம் நாட்டில் ஏப்பல் எனப்படும் முறை உண்டு. 21 வயதைக் கடந்து, துறை சார்ந்த வேலை அனுபவம் உடையோர், அதற்கான மதிப்பீட்டில் தேறினால், உள்நாட்டில் இளங்கலைப் படிப்பில் சேர விண்ணப்பிக்கலாம்.

அந்த அன்பருக்கு நான் கூறிய விடை இதுவே: "மகள் வேலையை விட வேண்டாம்; படிப்பையும் விட வேண்டாம். மூன்று சோதனைகளும் முடியுமட்டும் ஒரு காசும் கட்ட வேண்டாம்." மேலும் ஒன்றும் சொன்னேன். வாரத்திற்குப் 15 மணி நேரத்தை மகள் ஒருத்தியால் உண்டாக்கிவிட முடியாது. இரவுச் சமையலையும் தம்பி தங்கையரின் பாடத்தையும் வீட்டார் பகிர்ந்துகொண்டால்தான் அந்த நேரம் அவளுக்குக் கிடைக்கும். நான்கு ஆண்டுகளும் குடும்பமே சேர்ந்து படிக்கும் படிப்பு அது.